கிணற்று நீரும் மின்வாயின் சாட்சியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், விசுவமடுவைக் கடந்து புதுக்குடியிருப்பை அடையுமுன் அமைந்திருக்கும் உடையார்கட்டு, குளத்தை நம்பிய வயல்களையும் கிணற்றை நம்பிய மேட்டுக்காணித் தோட்டங்களையும் ஒருங்கே உடைய ஒரு வன்னிக் கிராமமாகும். 2009 ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதி மாதங்களில் சனங்கள் விட்டு நீங்கிய இப்பிரதேசத்தில், மீள்குடியேற வந்தவர்களுக்குப் பாழடைந்து கிடந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்குவது முதற் கருமங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாறு இறைத்த கிணற்றில் மறுபடி ஊறிய நீர் கண்ணுக்குத் தெளிவாகவும் வாய்க்கு இதமாகவும் இருந்ததைக் கண்டு மனம் ஆறியவர்கள் பலர். ஆயினும், தெளிவும் ருசியும் நீரின் சுத்தத்துக்குப் பிரமாணங்கள் ஆகா. பல்லைப் பழுப்பாக்கும் புளோரைட்டுக்கும், பசளையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றுக்கும், தோட்டத்துக்கு அடித்த மருந்தின் எச்சத்துக்கும், மலத்தின் வழியே வரும் பற்றீரியாவுக்கும் அந்த அளவுகளில் நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஊருக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பார்த்து, "தம்பி, இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ, என்ன சொல்லுறியள்?" என்று ஒரு முதியவர் கேட்பாரானால், அந்தக் கேள்விக்கு உண்மையான விடை அவ்விடத்திலே கிடைப்பதில்லை. நீரைப் போத்தலில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அறிக்கை திரும்பி வரும்வரை குடும்பம் அதே நீரைத்தான் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். பீடைகொல்லி எச்சத்தையோ பூஞ்சண நஞ்சையோ நிச்சயமாக அளந்து சொல்லத்தக்க நிறப்பகுப்பு யந்திரங்கள் பெருநகரங்களில் உள்ளன. அவற்றை இயக்குவோருக்கு நீண்ட பயிற்சி வேண்டும். ஒரு மாதிரிக்கு ஆகும் செலவை ஒரு தோட்டக்காரர் தம் கையிலிருந்து கொடுத்தல் இயலாது. இந்த இடைவெளியை நிரப்பவல்லது என்று உலகெங்கும் அறுபது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் நம்பி உழைத்துவரும் சாதனமே மின்னிரசாயன உயிருணரி. அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே தடைப்பட்டு நிற்கிறது, நம்மூர்க் கிணற்றையும் கச்சான் மூட்டையையும் பொறுத்தவரை அதன் சாட்சியை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பவற்றை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சாதனத்தின் தத்துவம் சுருங்கச் சொல்லத்தக்கது. உயிரினங்களின் உள்ளே, எண்ணிறந்த பதார்த்தங்களின் நடுவிலிருந்து ஒன்றை மாத்திரம் தெரிந்து பற்றிக்கொள்ளும் ஆற்றலுடைய மூலக்கூறுகள் உண்டு: நொதியங்கள், பிறபொருளெதிரிகள், டீ.என்.ஏ. இழைகள் என்பன அவை. அத்தகைய மூலக்கூறொன்றை ஒரு மின்வாயின் மேற்பரப்பிலே பதித்துவிட்டால், அது தனக்குரிய பதார்த்தத்தைச் சந்திக்கும்போது நிகழும் மாற்றம் மின்னோட்டமாகவோ மின்னழுத்தமாகவோ தடங்கலாகவோ வெளிப்படும். அதை ஓர் எளிய மின்மானியால் அளந்துகொள்ளலாம். இன்று வழக்கிலுள்ள பட்டி கைவிரலளவு நீளமான ஒரு பிளாத்திக்குத் துண்டு. அதன் மீது காபன் மையாலும் வெள்ளி மையாலும் அச்சிட்ட மூன்று கோடுகள் ஓடும். நடுக்கோடு ஒரு முனையில் சில மில்லிமீற்றர் அகலமுள்ள கரிய வட்டமாக முடியும். அந்த வட்டந்தான் தொழில் மின்வாய்; நொதியம் அதன்மேல் உலர்ந்து படிந்திருக்கும். மற்ற இரண்டில் ஒன்று அழுத்தத்தை நிலைநிறுத்தும் வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு ஒப்பீட்டு மின்வாய், இன்னொன்று மின்சுற்றைப் பூர்த்திசெய்யும் துணை மின்வாய். மூன்றையும் மூடுமாறு ஒரு துளி நீரை விட்டுச் சில நிமிஷம் பொறுத்தால், மைக்குரோ அம்பியர் அளவிலான ஓட்டம் கருவியின் முகத்தில் ஓர் எண்ணாகத் தெரியும்.

இதன் வரலாறு குருதியிலிருந்து தொடங்குகிறது. குருதியிலுள்ள ஒட்சிசனை அளக்கும் மின்வாயை 1956 இல் வெளியிட்ட அமெரிக்கரான லீலண்ட் கிளார்க், 1962 இல் லயன்சு என்பவருடன் சேர்ந்து, அம்மின்வாயின்மேல் குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியத்தை நிறுத்தினால் சர்க்கரையையும் அளக்கலாம் என்று காட்டினார். 1967 இல் அப்டைக்கும் ஹிக்சும் நொதியத்தை ஒரு கூழ்மத்திலே சிறைப்படுத்தி மின்வாயோடு பிணைத்தார்கள். 1984 இல் இங்கிலாந்து ஆய்வாளர் பெரோசீன் என்ற இடையீட்டுப் பதார்த்தத்தைப் புகுத்தி ஒட்சிசனின் தயவின்றியே மின்னோட்டம் பெற்றார்கள். 1987 இல் பேனாவைப் போன்ற சர்க்கரைமானி கடைக்கு வந்தது. இன்று எங்கள் கிராமங்களிலே நீரிழிவுக்காரர் விரலைக் குத்தி ஒரு துளி இரத்தத்தை வைத்துப் பார்க்கும் கருவி அதன் வழித்தோன்றலேயாகும். இத்துறையின் அடிப்படையான மின்னிரசாயனம் தமிழ் மண்ணுக்கும் அந்நியமானதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் ஈந்ததன் பயனாக, 1948 இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் திறக்கப்பெற்ற மத்திய மின்னிரசாயன ஆய்வு நிலையம் காரைக்குடியிலே நிற்கிறது. உணரிகளும் அங்கு நிகழும் ஆராய்ச்சிகளுள் ஒன்று.

சர்க்கரையை அளப்பதில் இத்தனை பெரிய சித்தி கண்ட முறை, நீரிலும் உணவிலும் உள்ள நஞ்சை அளப்பதில் ஏன் அதே சித்தியைப் பெறவில்லை என்பதுதான் இத்துறையின் மையமான வினா. கிளார்க்கின் கட்டுரை வெளிவந்த அதே 1962 இல், கில்போட்டும் அவருடைய சகாக்களும் கொலினெசுத்தரேசு நொதியத்தைக் கொண்டு ஓகனோபொசுபரசு நஞ்சுகளை மின்முறையால் அளக்கலாமெனக் காட்டினார்கள். இரண்டும் ஒரே வயதுடையன. ஒன்று உலகின் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் இருக்கிறது. மற்றது பெரும்பாலும் ஆராய்ச்சிச் சஞ்சிகைகளிலேயே இருக்கிறது.

இந்த வேற்றுமைக்கு முதற் காரணம் செறிவு. சுகதேகியின் குருதியில் ஓர் இலீற்றருக்கு ஏறக்குறைய 5 மில்லிமூல் குளுக்கோசு உண்டு. ஐரோப்பிய ஒன்றியமோ குடிநீரில் எந்த ஒரு பீடைகொல்லியும் இலீற்றருக்கு 0.1 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாதென விதித்துள்ளது. அத்திரசீன் என்ற களைகொல்லிக்கு அதைக் கணக்கிட்டால் அரை நனோமூலுக்கும் சற்றுக் குறைவு. அதாவது, சர்க்கரைமானி தேடுவதிலும் ஒரு கோடி மடங்கு அரிதான ஒன்றை நீர்மானி தேட வேண்டியிருக்கிறது. இரண்டாவது காரணம், நான் அறிந்த அளவில் பலர் போதிய அழுத்தம் கொடுக்காதது: குருதி யாருடையதாயினும் அதன் உப்பும் அமிலத்தன்மையும் வெப்பநிலையும் உடம்பினாலேயே ஒரு நிலையில் நிறுத்தப்பட்டுள்ளன, கிணற்று நீருக்கோ அப்படி ஒரு காவலன் இல்லை. ஒரு வளவின் கிணறு மிருதுவாகவும், வேலிக்கு அப்பாலுள்ள கிணறு கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் கடினநீராகவும் இருத்தல் வன்னியில் அதிசயமன்று. நொதியத்தின் வேகம் அமிலத்தன்மைக்கு ஏற்ப மாறும். கரைந்துள்ள உப்பு ஒப்பீட்டு மின்வாயின் அழுத்தத்தைத் தள்ளும். மாரியில் கிணற்றிற் சேரும் இலைமக்கின் பழுப்புச் சாரம் மின்வாயின்மேல் ஒட்டி அதன் கூர்மையை மழுக்கும். மூன்றாவது காரணம் சந்தை: நீரிழிவுக்காரர் நாள்தோறும் பட்டி வாங்குவார், கிணற்றுக்குச் சொந்தக்காரர் ஆண்டில் ஒரு தடவை வாங்கினால் அதிகம்.

ஆகவே, வெளியாகும் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கும்போது அதில் எவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடித்தார்கள் என்பதை மாத்திரம் பார்த்து வியப்பது போதாது. காய்ச்சி வடித்த நீரிலே நஞ்சைத் தாமே கலந்து, தாமே அளந்து, பிக்கோமூல் வரை கண்டோம் என்று கூறுவனவே பல. எந்த நீரில் அளந்தார்கள், அந்நீரிலே அவர்கள் கலவாத வேறென்ன இருந்தது, பட்டி எத்தனை நாள் எத்தகைய வெப்பத்தில் கிடந்த பின் அளந்தது, அதே மாதிரியை நம்பத்தக்க ஆய்வுகூட யந்திரமும் அளந்து ஒத்துக்கொண்டதா என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அக்கட்டுரை உடையார்கட்டுக்கு உதவும்.

இனி, இங்கே தேட வேண்டிய பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். புளோரைட்டைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. இலங்கையின் உலர்வலயத்து நிலத்தடி நீரில் அது பரவலாக மிகுந்திருப்பது நன்கறிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனம் இலீற்றருக்கு 1.5 மில்லிகிராமை வழிகாட்டி எல்லையாக வைத்திருக்க, வெப்ப நாட்டில் மனிதர் அதிக நீர் பருகுவதைக் கருதி இலங்கைக் குடிநீர்த் தரம் அதனினும் இறுக்கமாக 1.0 மில்லிகிராமையே ஏற்றிருக்கிறது. இதை அளக்க உயிர்ப்பொருள் எதுவும் வேண்டாம். 1966 இல் பிராண்டும் ரொசும் இலந்தனம் புளோரைட்டுப் பளிங்கினால் ஆக்கிய மின்வாய், இன்றுவரை மிஞ்சப்படாத தெரிவுத்தன்மையுடன் இவ்வேலையைச் செய்கிறது. எளிய மின்வாய் போதுமான இடத்தில் உயிருணரியை வலிந்து புகுத்துவது விஞ்ஞானத்துக்கும் அழகன்று, ஏழை நாட்டின் பணப்பைக்கும் நன்றன்று.

நைத்திரேற்றின் நிலைமை சற்று வேறானது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையின்மேல் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிவாகப் பயிரிட்ட இடங்களில் கிணற்று நீர் நைத்திரேற்றால் மாசுபட்டிருப்பதை 1980கள் தொடக்கம் வெளிவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மணற்பாங்கான நிலத்தில் யூரியா இட்டு, ஆழமில்லாத கிணற்றிலிருந்து நீரிறைக்கும் எவ்விடத்திலும் அந்த அபாயம் உண்டு. இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைக் கடந்த நீரிலே பால்மாக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் சக்தி குன்றி உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தலோ இந்நஞ்சை நீக்காது, நீர் வற்ற வற்ற அதைச் செறிவாக்கும். இதற்கென உள்ள சாதாரண மின்வாய் குளோரைட்டினால் ஏமாற்றப்படக்கூடியது. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கிணறுகளில் குளோரைட்டுக்குக் குறைவில்லை. நைத்திரேற்று றிடக்டேசு என்ற நொதியத்தை மின்வாயில் பதித்தால் அந்த ஏமாற்றம் தீரும். ஆனால், அதனோடு சேர்க்கும் இடையீட்டுப் பதார்த்தங்கள் பல காற்றிலுள்ள ஒட்சிசனோடு வினைப்படுவதால் மாதிரியிலிருந்து ஒட்சிசனை அகற்ற வேண்டியிருக்கிறது. கிணற்றடியில் நின்று அதைச் செய்வது எளிதன்று.

தோட்டங்களுக்கு அடிக்கும் மருந்துகளே உயிருணரியின் பழைய களம் என்பதால் இங்கு சற்று நின்று பார்ப்பது தகும். நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் அசற்றைல்கோலினைச் சிதைத்து அடக்கும் கொலினெசுத்தரேசு என்ற நொதியத்தை, ஓகனோபொசுபரசு மருந்துகளும் காபமேற்று மருந்துகளும் முடக்கிவிடும். பூச்சி சாவதும் அதனாலேயே, தவறி உட்கொண்ட மனிதர் வாயில் நுரை தள்ளி மூச்சு முட்டுவதும் அதனாலேயே. பட்டியிலும் அதே நொதியம் இருக்கிறது. அசற்றைல்தயோகோலின் என்ற கரைசலை விட்டால் நொதியம் அதை உடைத்துத் தயோகோலினைத் தர, அது மின்வாயில் ஒட்சியேற்றப்பட்டு ஓட்டத்தைத் தரும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பட்டியைச் சந்தேக நீரிலே சுமார் பத்து நிமிஷம் ஊறவிட்டு, மறுபடியும் கரைசலை விடும்போது ஓட்டம் பாதியாகக் குறைந்திருக்குமாயின், நொதியத்தின் பாதி முடக்கப்பட்டது என்பது பொருள். விஷம் எதைத் தாக்குகிறதோ அதையே சாட்சியாக நிறுத்தும் இந்த முறையில் ஒரு நியாயமான அழகு உண்டு.

ஆயினும் அதன் குறைகளையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். முடக்கியது எந்த மருந்து என்று பட்டி சொல்லாது. பார உலோகங்கள் சிலவும் நொதியத்தை முடக்கும். குளோபைரிபொசு, மலத்தியன் போன்றவை தம் இயல்பான வடிவில் நொதியத்தை வலுவாகத் தாக்குவதில்லை, உடம்பினுள் ஒட்சியேறிய பின்னரே கொடியனவாகின்றன. ஆதலால் பட்டியிலிடுமுன் மாதிரியை இரசாயன முறையில் ஒட்சியேற்றாவிட்டால், விஷமுள்ள நீரும் நல்ல நீராகத் தோன்றிவிடும். எல்லாவற்றிலும் பெரிய குறை காலத்தினால் வந்தது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியே, இலங்கை 1995 இல் மொனோகுரோட்டபொசையும் மெதமிடபொசையும், 1998 இல் எண்டோசல்பனையும் விலக்கியது. பின்னர் வேறு பலவும் விலக்கப்பட்டன. இன்று தோட்டங்களில் அதிகம் புழங்கும் இமிடாகுளோபிரிட்டு போன்றவை நொதியத்தைத் தொடாமல் நரம்பின் ஏற்பியையே தாக்குகின்றன; கிளைபோசேற்று என்ற களைகொல்லியோ தாவரத்தின் வேறொரு நொதியத்தைத் தாக்குகிறது. இவை கலந்த நீரைப் பற்றி நமது பழைய பட்டி ஒன்றும் அறியாது. இவற்றுக்கெனப் பிறபொருளெதிரிகளையும், 1990 இல் உருவான முறையால் தெரிந்தெடுக்கப்படும் அப்தமர் என்ற டீ.என்.ஏ. இழைகளையும் மின்வாயிலே பதிக்கும் முயற்சிகள் நடக்கின்றன; அவை இன்னும் ஆய்வுகூட வாசலைத் தாண்டித் தோட்டத்துக்கு வந்துசேரவில்லை.

என்றாலும் கொலினெசுத்தரேசுப் பட்டியைத் தள்ளிவிடலாகாது. 2013 ஜூலையில் பீகார் மாநிலத்துக் கிராமப் பாடசாலையொன்றில், மொனோகுரோட்டபொசு கலந்த எண்ணெயிற் சமைத்த மதிய உணவை உண்டு 23 பிள்ளைகள் மாண்டனர். உயிரைக் குடிக்கத்தக்க அந்தச் செறிவைக் காண்பதற்கு நனோமூல் நுட்பம் வேண்டியதில்லை. சமையற்கூடத்திலே மிகச் சாதாரணமான ஒரு பட்டி இருந்து, யாரேனும் அதை எண்ணெயின் நீர்ச் சாற்றில் தொட்டுப் பார்த்திருந்தால் போதுமானதாயிருந்திருக்கும் என்பது என் துணிபு. சுவட்டளவு நஞ்சைத் தேடுவதில் தோற்கும் கருவி, பேரளவு நஞ்சைத் தடுப்பதில் வெல்லக்கூடும். இவ்விரண்டு கடமைகளையும் ஒன்றாகக் குழப்பியதனாலேயே இத்துறையிற் பல ஏமாற்றங்கள் நேர்ந்தன.

பார உலோகங்களின் கதை சிறுநீரக நோயோடு பிணைந்தது. 1990களில் வடமத்திய மாகாணத்திலே இனங்காணப்பட்டு, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பகுதிகளிலும் காணப்படும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், கமக்காரக் குடும்பங்களைத் தேய்த்துவருகிறது. கட்மியத்தைச் சுட்டியது உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடந்து 2013 இல் வெளிவந்த ஆய்வு. ஆசனிக்கு என்றார் சிலர். கடினநீரும் புளோரைட்டும் சேர்ந்ததே காரணம் என்றார் வேறு சிலர். வெயிலில் உழைத்து நீரின்றி உடல் வரளுவதைக் காட்டினார் இன்னும் சிலர். கிளைபோசேற்றின்மேல் பழிசுமத்தி 2015 இல் அதை அரசு தடைசெய்து, பின்னர் படிப்படியாகத் தளர்த்தியது. முடிவு இன்னும் எட்டப்படவில்லை. இந்நிலையில் ஊருக்கு ஊர் ஆர்.ஓ. என்னும் சவ்வினால் நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் எழுந்திருப்பது இயற்கையே. உலோகங்களை அளப்பதற்கு மின்னிரசாயனம் வலிமையான வழி ஒன்றைத் தந்திருக்கிறது: உலோகத்தை முதலில் மின்வாயின்மேல் படியவைத்துச் சேர்த்து, பின்னர் அழுத்தத்தை ஏற்றி ஒவ்வொன்றாகக் கரையச்செய்யும்போது எழும் ஓட்ட முடிகளால் ஈயத்தையும் கட்மியத்தையும் பிரித்து அளக்கலாம். எய்ரொவ்ஸ்கி 1922 இல் தோற்றுவித்து 1959 இல் நோபல் பரிசு பெற்ற துறையின் கிளை அது. 2000 இல் நஞ்சான பாதரசத்துக்குப் பதிலாகப் பிசுமதுப் படலத்தை யோசப் வாங் அறிமுகஞ்செய்த பின் வெளிக்களத்துக்கும் ஏற்றதாயிற்று. காரணம் எதுவென்று தெரியாத ஒரு நோயில், ஒரே கிணற்றை மாதந்தோறும் அளக்க உதவும் மலிவான கருவியின் பெறுமதி மிகப் பெரிது. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த ஒரு போத்தல், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் செறிவின் சரித்திரத்தைச் சொல்லாது.

பற்றீரியாவின் விஷயத்தில் தடை நொதியத்திலோ மின்வாயிலோ இல்லை. துளியின் அளவில் இருக்கிறது. நூறு மில்லிலீற்றர் குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருத்தலாகாது என்பது விதி. பட்டியோ ஒரு சிறு துளியைத்தான் பார்க்கும். அந்த ஒரு கிருமி மற்ற ஆயிரக்கணக்கான துளிகளில் எதில் இருக்கிறதோ? எனவே நீரை வடித்துச் சேர்த்து, கிருமியை ஊட்டி வளர்த்து, அது சுரக்கும் நொதியத்தை மின்வாயால் பிடிக்கவேண்டும். ஒரு நாள் காத்திருப்பைச் சில மணிநேரமாகக் குறைக்கலாம், சில நிமிஷமாக்க இயலாது. இதற்கிடையில், மஞ்சா முதலிய இந்திய விஞ்ஞானிகள் 1982 இல் வெளியிட்ட ஐதரசன் சல்பைட்டுப் போத்தல் மிகச் சில ரூபாவில் இதே வேலையைச் செய்துவருகிறது: நீரை ஊற்றி மூடி வைத்தால், மலமாசு இருப்பின் உள்ளிருக்கும் தாள் கறுக்கும். நொதியப் பட்டிகளைக் கெடுக்கும் வன்னி வெயில், அடைகாப்புப் பெட்டி இல்லாமலே இப்போத்தலில் கிருமியை வளர்த்துக் கொடுத்து உதவிசெய்கிறது.

உணவிலே எனக்குக் கவலை தருவது கச்சான். 1960 இல் இங்கிலாந்திலே ஒரு இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவற்றுக்கு இட்ட கச்சான் பிண்ணாக்கில் அசுபெர்சிலசு என்ற பூஞ்சணம் சுரந்த நஞ்சே காரணமெனக் கண்டார்கள். அபிளாட்டொட்சின் என்ற பெயர் அதன் பின்னர் பிறந்தது. ஈரலிற் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்ட பதார்த்தம் அது. வறுத்தாலும் முற்றாக அழியாது. விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்புப் பகுதிகளின் மணற்பாங்கான மேட்டுக்காணிகள் கச்சானுக்குப் பேர்போனவை. காய் முற்றும் வேளையில் மழை பொய்த்து மண் வரண்டால் பூஞ்சணம் மண்ணுக்குள்ளேயே கோதின் வெடிப்பினூடே நுழையும். பிடுங்கிய பின் மழை பிடித்துக்கொண்டால் முற்றத்துப் படங்கின்மேலே பெருகும். கோதை உடைத்துப் பார்த்தால், சுருங்கி நிறம் மாறிய பருப்பின் இரு பிளவுகளுக்கும் இடையே பசுமஞ்சள் தூசு படிந்திருப்பதைச் சில வேளைகளிற் காணலாம்; ஆனால், காணாத பருப்பு சுத்தமானது என்று சொல்வதற்கில்லை. நெல்லை நாட்கணக்கில் ஊறவைத்து அவிக்கும் வழக்கத்தால் புழுங்கலரிசியும் இதற்குத் தப்பவில்லையென்பதை 1991 இல் வெளியான இலங்கை ஆய்வொன்று காட்டிற்று. 2021 இல் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு கண்டபோது நாடே பதறிற்று.

இதற்கென்று ஆக்கிய பட்டியில் பிறபொருளெதிரி பதிந்திருக்கும். கச்சானை அரைத்து மெதனோல் கலந்த நீரால் சாறு பிழிந்து, நொதியத்தால் குறியிட்ட அபிளாட்டொட்சினை அச்சாற்றோடு சேர்த்துப் பட்டியில் விட்டால், சாற்றிலுள்ள நஞ்சும் குறியிட்ட நஞ்சும் அதே பிறபொருளெதிரிக்காகப் போட்டியிடும். சாற்றில் நஞ்சு மிகுந்தால் குறியிட்டதற்கு இடமின்றி ஓட்டம் குறையும். கிலோகிராமுக்கு ஒரு மைக்குரோகிராமளவை இவ்வாறு காண்பது இன்று இயலும். மேலும் பதப்படுத்தப்படவுள்ள கச்சானுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்சு விதித்த எல்லை 15 மைக்குரோகிராம், நேரே உண்ணும் கச்சானுக்கு ஐரோப்பா விதித்தது மொத்தம் 4. ஆகவே கருவியின் கூர்மை போதும். போதாதது மாதிரி எடுக்கும் முறை. நஞ்சு மூட்டை முழுவதும் பரவி இருப்பதில்லை. ஆயிரத்தில் ஒரு பருப்பு மிகக் கொடிய அளவைத் தாங்கியிருக்க, மற்றவை ஒன்றுமின்றி இருக்கலாம். அதனால்தான் கோடெக்சு ஆய்வுகூட மாதிரிக்கு 20 கிலோகிராம் கேட்கிறது. கைப்பிடி கச்சானைக் கொண்டு மூட்டைக்குத் தீர்ப்பெழுதும் எவரும், எத்தனை சூட்சுமமான பட்டியை வைத்திருந்தாலும், குருட்டுத் தீர்ப்பே எழுதுகிறார்.

உயிருணரியை நாம் எந்த ஸ்தானத்தில் இருத்த வேண்டும் என்பது இவ்வளவிலிருந்து தெளிவாகும். அது ஆய்வுகூடத்தின் இடத்தைப் பிடிக்க வந்த நீதிபதியன்று; சந்தேகமானதையும் சந்தேகமற்றதையும் பிரித்துப் புடைக்கும் சுளகு. நூறு கிணற்றில் எண்பதை ஒதுக்கி, எஞ்சிய இருபதை மாத்திரம் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முடிந்தாலே செலவும் காலமும் பெரிதும் மிச்சமாகும். அவ்வாறு ஒதுக்கும்போது, நல்ல நீரைத் தீயதென்று கூறும் தவறைப் பொறுக்கலாம். தீய நீரை நல்லதென்று கூறும் தவறைப் பொறுக்கலாகாது. எனவே எல்லையைச் சட்டம் சொல்லும் அளவினும் தாழ்த்தி வைத்துக்கொள்ளல் வேண்டும்.

தவறான சாட்சி என்ன தீங்கு செய்யும் என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் காட்டிவிட்டது. மின்நிலையமொன்றின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்ததென்று 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த கூக்குரலுக்கு விடையாக, ஒரு குழு அபாயமுண்டென்றும் இன்னொரு குழு அபாயமில்லையென்றும் கூற, எண்ணெய்ப் படலத்தைக் கண்ணாற் கண்ட சனங்கள் ஒருவரையும் நம்பாத நிலைக்கு வந்தனர். 2019 இல் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பளிக்கும்வரை அந்தக் கலக்கம் நீடித்தது. பெரிய யந்திரங்களே இணங்காத இடத்தில், சரிபார்க்கப்படாத சிறு பட்டி ஒன்று புகுந்தால் கலக்கம் பெருகுமேயன்றிக் குறையாது.

எனவே இப்பட்டிகளை உடையார்கட்டுக்குக் கொண்டுவர விரும்புவோர் முதலில் கொண்டுபோக வேண்டியது உடையார்கட்டு நீரை. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவிலோ 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. நொதியப் பட்டியை ஆக்குவதற்கு வேண்டிய அறிவும் உபகரணங்களும் இவர்களுக்கு எட்டாதவை அல்ல. கடினநீர்க் கிணறு, மிருதுநீர்க் கிணறு, குளக்கட்டுக்கு அண்மையது, தோட்டத்தின் நடுவிலுள்ளது என்று இனம் பிரித்துச் சில கிணறுகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் மாதந்தோறும் எடுத்த நீரைப் பட்டியாலும் யந்திரத்தாலும் அளந்து ஒப்பிடுவதும், பட்டிகளைக் குளிர்ப்பெட்டியில் அன்றி ஒரு சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார்ச் சைக்கிள் பையிலே பங்குனி, சித்திரை வெயிலில் கிடத்திய பின் அளந்து பார்ப்பதும் அவர்களே செய்யத்தக்கவை. புளோரைட்டுக்கும் நைத்திரேற்றுக்கும் மின்வாய்களையும், மலமாசுக்குச் சல்பைட்டுப் போத்தலையும் இப்பொழுதே வழங்கலாம். அவற்றுக்கு ஆராய்ச்சி காத்திருக்கத் தேவையில்லை. உயிருணரிக்கு முதற் களமாக நான் தெரிவது கச்சான் கொள்வனவு நிலையத்தை: அங்கே மூட்டைகள் ஓரிடத்தில் சேருகின்றன, பல மூட்டையிலிருந்து கலந்தெடுத்து அரைக்க இடமுண்டு, நஞ்சு கண்ட பொதியை விலைபேசுமுன் ஒதுக்கலாம், சுருங்கிய பருப்பைப் பொறுக்கியகற்றிய பின் மறுபடி அளந்து மிச்சத்தைக் காப்பாற்றவும் கூடும். கிணற்றுப் பட்டி அதன் பின்னர் வரட்டும். அதன் ஒப்பீடு ஒரு காலபோகத்தையும் ஒரு சிறுபோகத்தையும் முழுமையாக உள்ளடக்கியிருக்க வேண்டும். ஏனெனில் மார்கழியில் வாய்வரை நிரம்பி நிற்கும் கிணற்றுக்கும், ஆவணியில் அடிமணல் தெரிய வற்றும் அதே கிணற்றுக்கும் ஒரே அளவுகோடு பொருந்துமென்று இதுவரை எவரும் நிறுவிக் காட்டவில்லை.